மாமா மேலே இருந்த காலைப்பொழுது

என் அம்மாவின் அண்ணன், எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் காரை விட்டு உடனே இறங்க மாட்டார். வாசலில் காரை நிறுத்துவார். இன்ஜினை அணைப்பார். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர் வந்து "வாங்க" என்று அழைக்க வேண்டும். ஒருமுறை அழைத்தால் அது ஊருக்காக அழைத்தது. இன்னொருமுறை அழைத்தால் யாரோ சொல்லி அழைத்தது. அதற்கும் மேலே அழைத்தால்தான் மனசார அழைத்தது. இது மாமாவின் கணக்கு.

அத்தை இந்தக் கணக்கில் சேராதவர். கார் முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். மாமா இறங்கி உள்ளே வரும்போது அத்தை காபி குடித்து முடித்து, அந்த வீட்டு மருமகளின் பிரசவக் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட மாமாவை என் கணவர் வாட்ஸப்பில் அழைத்துவிட்டார்.

கணவர் கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் கார் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நெடுங்காலம் பட்டறையில் ஒரு பள்ளம்தான் இருந்தது. காரை அதன்மேல் நிறுத்திவிட்டு, உள்ளே இறங்கி அண்ணாந்து வேலை பார்ப்பார். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் நின்று தவளை கத்தும். பிறகு ஒருவழியாகப் புதுக் கொட்டகை போட்டு ஒரு லிஃப்ட் வாங்கினார். இரண்டு பெரிய தூண்கள், காரைத் தாங்க நான்கு கைகள். பொத்தானை அழுத்தினால் கார் ஆள் உயரத்துக்கு மேலே போய் நிற்கும். அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் பூஜை போட்டோம். அந்தப் பூஜைக்குத்தான் வாட்ஸப் அழைப்பு. மாமா வரவில்லை. அம்மா காரணம் கேட்டபோது, "போன்ல கூப்பிட்டா போன்லதான் வருவேன்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னபடியே வந்தார். பூஜையன்று காலையில் கணவரின் கைபேசிக்கு ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது.

அதன் பிறகு மாமா பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கணவரும் போய் அழைக்கவில்லை. "அழைச்சாச்சு. அதுல நாள், நேரம் எல்லாம் இருக்குது, வேணும்னா எடுத்துப் பாக்கட்டும்" என்பார். மாமாவின் மரியாதைக்கும் கணவரின் வீம்புக்கும் நடுவில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

இந்த நிலையில் என் தம்பிக்குக் காங்கேயத்தில் பெண் அமைந்தது. உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய ஒரு வேலைநாளில் முகூர்த்தம் குறித்தார்கள். தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் எதுவும் நகராது. அம்மாவும் தம்பியும் மற்ற சொந்தங்களும் முந்தின நாளே காங்கேயம் போய்விட்டார்கள். தொண்டாமுத்தூரிலிருந்து வரும் மாமாவும் அத்தையும் சிங்காநல்லூரில் எங்களோடு சேர்ந்துகொண்டு, இரண்டு காராக, திருச்சி ரோட்டில் ஒன்றாகப் போவது என்று ஏற்பாடு. ஏற்பாடு அம்மாவுடையது. அந்தப் பயணத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் என்று அம்மா நம்பினார். வெவ்வேறு காரில் போகிறவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

காலையில் நாங்கள் புறப்பட்டுப் பட்டறை வாசலில் நின்றோம். கணவர் புது வேட்டி, வெள்ளைச் சட்டையில் இருந்தார். பட்டறைக்கு அன்று விடுமுறை. மாமாவின் கார் வந்தது. வந்த கார் நாங்கள் நின்ற இடத்தில் நிற்காமல், கொஞ்சம் தாண்டி, கொட்டகைக்குள் பாதி நுழைந்து, லிஃப்ட்டின் இரண்டு தூண்களுக்கு நடுவே போய் நின்றது. அத்தை உடனே இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"பிரேக் புடிக்கவே மாட்டேங்குது கண்ணு. ராமநாதபுரம் சிக்னல்ல மிதிச்சா அடிவரைக்கும் போகுது. நான் சாமி எல்லாத்தையும் கூப்பிட்டுப்போட்டேன்" என்றார்.

மாமா இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் போய், "எறங்குங்க மாமா" என்றார். ஒருமுறைதான் சொன்னார்.

"எதுக்குங்க மாப்ளை?"

"அடியில பாக்கோணுங்க. வண்டியை மேல ஏத்தோணும்."

"வண்டியைத்தானுங்களே பாக்கோணும். பாருங்க. நான் எதுக்கு எறங்கோணும்?"

"ஆளோட ஏத்தக்கூடாதுங்க மாமா."

"அப்ப நான் வேண்டாத ஆளுன்னு சொல்லுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு தடவை "வாங்க" என்று சொன்னால் முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூணில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளையும் பார்த்தார். அதில் காருக்குள் ஒரு மனிதன் இருப்பதுபோலப் படம் வரைந்து, அதன்மேல் சிவப்பில் குறுக்குக்கோடு போட்டிருந்தது. படத்திலிருந்த மனிதன் மாமாவைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் மாமாவிடம் போய், "நேரமாச்சுங்க மாமா, எறங்கி வந்து ஒரு காப்பித்தண்ணி குடிங்க" என்றேன். "நீ கூப்பிடறது வேற கண்ணு. கூப்பிட வேண்டியவங்க கூப்பிடோணும்" என்றார். கணவர் போய் நான்கு கைகளையும் காருக்கடியில் தள்ளிச் சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

மாமா மேலே போனார். பட்டு வேட்டியோடும் அங்கவஸ்திரத்தோடும் கொஞ்சமும் ஆடாமல், அசையாமல் போனார். ஒரு சாமி உற்சவத்துக்கு எழுந்தருளுவதைப் போல இருந்தது. அத்தை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். கார் தலைக்கு மேலே நின்றதும் தூண்களுக்குள் 'டக்' என்று கொக்கிகள் விழுந்தன.

முன்சக்கரத்துப் பக்கம் அடியில் பார்த்தவுடன் காரணம் தெரிந்துவிட்டது. பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய் வெடித்து, எண்ணெய் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் வழிந்திருந்தது. இந்த நிலையில் தொண்டாமுத்தூரிலிருந்து நகரத்துக்குள் புகுந்து வந்திருக்கிறார். அந்த மாடலுக்கான குழாய் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அன்று காலையில் எங்களுக்குச் சாதகமாக நடந்த முதல் விஷயம் அது. "வண்டியை எறக்கி, அவரை எறக்கிவிட்டுட்டு, மறுபடி ஏத்திச் செஞ்சுபோடலாம்" என்று சொல்லிக் கணவர் பொத்தானுக்குப் போனபோது கரண்ட் போனது.

கொட்டகையில் விளக்கு அணைந்தது. தெருவில் இருந்த பட்டறைகளின் சத்தமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியது. "வந்துரும்" என்றார் கணவர். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே செய்தித்தாள் புரளும் சத்தம் கேட்டது. மாமா எப்போதும் காரில் பேப்பர் வைத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, பள்ளியில் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கும் குரலில் மேலேயிருந்து வாசித்தார்.

"இன்றைய மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் காரணமாகக் கீழ்க்கண்ட பகுதிகளில் காலை முதல் மாலை வரை மின் விநியோகம் இருக்காது." ஒரு சின்ன இடைவெளி விட்டு, "சிங்காநல்லூர்" என்றார். பட்டியலில் அதுதான் முதல் பெயர் என்பதையும் சொன்னார். "பட்டறை வெச்சிருக்கறவங்க பேப்பர் வாங்கோணுங்க மாப்ளை."

இந்த லிஃப்ட்டில் இருக்கும் சங்கடத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு சின்ன மோட்டார் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் விரல் பருமனுள்ள குழாய் வழியே போய், தூணுக்குள் இருக்கும் உருளையின் அடியில் சேரும். அடைத்து வைத்த எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும். சின்னப் பரப்பில் கொடுத்த அழுத்தம், அகலமான பிஸ்டனுக்கு அடியில் போகும்போது பரப்புக்கு ஏற்றபடி விசையாகப் பெருகும். இதைப் பல வருடங்களாகக் கரும்பலகையில் ஒரு பக்கம் கோழியையும் மறுபக்கம் யானையையும் வரைந்து நடத்திக்கொண்டிருக்கிறேன். ஏறியபின் காரைத் தாங்குவது எண்ணெய் அல்ல, தூணுக்குள் இருக்கும் இரும்புக் கொக்கிகள். எண்ணெய் கசிந்தாலும் கார் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் காரின் எடை முழுவதும் கொக்கியின்மேல் உட்கார்ந்திருக்கும்போது கொக்கியை விலக்க முடியாது. காரைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் கொக்கி விடுபடும். பிறகுதான் இறக்கலாம். தூக்குவதற்கு மோட்டார் வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும்.

இதைக் கணவர் மாமாவிடம் சுருக்கமாகச் சொன்னார். "உங்களை எறக்கோணும்னா மொதல்ல இன்னும் கொஞ்சம் ஏத்தோணுங்க மாமா."

"அதுதானுங்க முறை" என்றார் மாமா.

ஏணி வைத்து இறங்கலாம் என்று நான் சொன்னேன். ஏணி வைத்தால் தூணுக்கும் கதவுக்கும் நடுவில் பாதி இடம்தான் மிஞ்சும். அந்தப் பாதியில் மாமாவின் வயிறு வராது. அதை நான் சொல்லவில்லை. "தாய்மாமன் ஏணி வெச்சு எறங்கினான்னு ஊரு பேசோணுமா?" என்று அவரே வேறு காரணம் சொல்லி எனக்கு உதவினார். ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்டுக் கணவர் நாலைந்து இடத்துக்குப் போன் செய்தார். முகூர்த்த நாள், எல்லா ஜெனரேட்டரும் கல்யாண மண்டபங்களில் இருந்தன.

அப்போது அம்மா காங்கேயத்திலிருந்து கூப்பிட்டார். வழிந்ததைத் தொட்டுப் பார்த்ததில் என் கையில் பிரேக் எண்ணெய் இருந்ததால் போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"எங்க கண்ணு வந்துட்டிருக்கறீங்க? பொண்ணூட்டுல எல்லாரும் வந்துட்டாங்க."

"இன்னும் கெளம்பவே இல்லம்மா. பிரேக் புடிக்கலை. மாமா மேல போயிட்டாங்க, இங்க கரண்ட்டு வேற—"

மேற்கொண்டு நான் சொன்னது எதுவும் அம்மாவின் காதில் விழவில்லை. போனிலிருந்து வந்த கூக்குரலில் எதிர்ப் பட்டறைக்காரரே எட்டிப் பார்த்தார்.

"ஐயோ என்ற அண்ணா! என்ற தங்கமே! என்னைத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கொடம் போனீங்களே! போன வாரங்கூட உங்களை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேனே பாவி! உங்களை மாதிரி ஒரு மனுசன் இனி எங்க பொறப்பாங்க..."

நான் பதறிப் போனை எடுக்கப் போனேன். மேலேயிருந்து கண்ணாடி முழுதாக இறங்கியது. மாமாவின் தலை வெளியே வந்தது.

"அணைக்காத கண்ணு. சித்த நேரம் பேசட்டும்" என்றார்.

அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். நான் போனுக்கு அருகில் குனிந்து, "அம்மா! மாமா உசுரோட இருக்காங்க! காருக்குள்ள உக்காந்துட்டு லிஃப்ட்டுமேல இருக்காங்க! கரண்ட் போயிருச்சு!" என்று கத்தினேன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் இருக்காரா?"

"நல்லாத்தான் இருக்காங்க. கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

"அப்பறம் எதுக்கு இன்னும் கெளம்பாம உக்காந்திருக்கறாரு? நேரங்காலம் தெரியாத மனுசன்! அவருக்கு வண்டியை விட்டு எறங்கத்தான் என்னைக்குத் தெரிஞ்சிருக்குது!"

கண்ணாடி மெல்ல மேலே ஏறியது.

கணவர் வேட்டி சட்டையைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கிய எண்ணெய்க்கறை படிந்த வேலை உடுப்பை மாட்டிக்கொண்டார். "எப்படியும் மேலதான் நிக்குது. கரண்ட் இல்லாம செய்யற வேலையைச் செஞ்சுபோடறேன்" என்று சக்கரத்தைக் கழற்றி, வெடித்த குழாயை எடுத்துவிட்டுப் புதிதைப் பொருத்தினார். அந்த வேலை சீக்கிரம் முடிந்தது. புதுப் பிரேக் எண்ணெயை ஊற்ற மட்டும் ஏணிமேல் ஏற வேண்டியிருந்தது. மாமா உள்ளிருந்து பிடியை இழுத்து பானட்டைத் திறந்துவிட்டார். அந்தக் காலையில் இருவரும் ஒன்றாகச் செய்த முதல் வேலை அது. ஆனால் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வேலைக்குப் பேசாமல் முடியாது. குழாயை மாற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். எண்ணெய் நசுங்காது. அதனால்தான் காலால் மெதுவாக மிதிக்கும் மிதி, எண்ணெய் வழியாகப் பெருகிப் போய், ஓடுகிற காரை நிறுத்துகிறது. காற்று நசுங்கும். ஒரு குமிழி இருந்தால்கூட மிதித்த மிதியையெல்லாம் அதுவே வாங்கி வைத்துக்கொள்ளும்; சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். வழக்கமாக இதற்கு மெக்கானிக் இருப்பார். அன்று விடுமுறை. காருக்குள் ஏறும் வழியும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

கணவர் கொஞ்ச நேரம் திருகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"மாமா, பிரேக்கைக் கொஞ்சம் மிதிங்க."

"என்னங்க?"

"பிரேக்குங்க. மெதுவா, நல்லா மிதிங்க. மிதிச்சுட்டுப் புடிச்சுக்குங்க. நான் சொல்றவரைக்கும் விட்டுராதீங்க."

மேலே கொஞ்சம் யோசனை நடந்தது. பிறகு மிதி கேட்டது. கணவர் திருகைத் திறந்தார். எண்ணெயோடு காற்று குமிழ்குமிழாகப் பீச்சியது. திருகை மூடினார்.

"விடுங்க."

விட்டார்.

"மறுபடி மிதிங்க. புடிச்சுக்குங்க... விடாதீங்க மாமா, விடாதீங்க! யாரு இப்ப விடச்சொன்னது?"

"கால் வலிக்குதுங்க."

"வலிச்சாலும் புடிங்க!"

மாமாவிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அத்தையும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மாமா பிடித்துக்கொண்டார். மிதிங்க என்றால் மிதித்தார், விடுங்க என்றால் விட்டார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து தானாகவே தகவல் வர ஆரம்பித்தது. "இப்ப கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க மாப்ளை." "இப்ப முன்ன மாதிரி அமுங்கலை." "இன்னொருக்கா பாக்கலாமுங்களா?" போதும் என்று கணவர் சொன்ன பிறகும் மாமா இன்னொருமுறை மிதித்துப் பார்த்தார். பிரேக் கல்லுமாதிரி நின்றது. "ஆச்சுங்க!" என்று மேலே அவர் கத்தியதில் ஒரு சந்தோஷம் இருந்தது. கணவரும் சிரித்துவிட்டார். சிரித்ததை உடனே துடைத்துக்கொண்டார்.

சக்கரத்தை மாட்டி, பானட்டையும் மூடியாயிற்று. பிரேக் சரியாகிவிட்டது. ஓடாத காருக்குப் பிரேக் எதற்கு என்ற கேள்விதான் மிச்சம். நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

என் அம்மாவின் ஒப்பாரி கேட்டு வந்த எதிர்ப் பட்டறைக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கோட்டைமேட்டுக்காரர். பேரிங், புஷ் எல்லாம் அழுத்திப் பொருத்திக் கொடுக்கும் தொழில். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். மேலேயிருந்த மாமாவுக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "நம்ம பேரிங் அழுத்தற பிரஸ்ஸுல கைப்பம்ப்பு ஒண்ணு இருக்குங்க. அதை இதோட கோத்துவிட்டா ஏறுமே?"

கணவர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. இருவரும் அந்தப் பம்ப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். எடை முழுக்கக் கொக்கியில் நின்றதால் லிஃப்ட்டின் குழாயைப் பிரிப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் பம்ப்பின் மரை ஒரு மாதிரி, குழாயின் மரை வேறு மாதிரி. நல்லவேளையாக, கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையிலும் ஒரு டப்பா நிறைய, எதற்கென்று தெரியாத இணைப்புகள் இருக்கும். இருவரும் தங்கள் டப்பாக்களைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாயின் டப்பாவில் ஒன்று பொருந்தியது.

பம்ப்பு சின்னது. தரையில் வைத்து, நீளமான கைப்பிடியை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சின்ன பிஸ்டன் கொஞ்சம் எண்ணெயை உள்ளே தள்ளும். அதை வைத்து ஒரு மனிதன் ஒரு காரைத் தூக்கிவிடலாம். பாடத்தில் அதோடு மணி அடித்துவிடும். தூக்கும் பலம் பெருகுகிற அளவுக்குத் தூரம் குறையும் என்பதையும் நான் நடத்துவேன்தான்; ஒரு வரியில் நடத்துவேன். அந்த ஒரு வரியைக் கணவர் அன்று கையால் செய்து முடித்தார். அவர் இழுத்தார், அழுத்தினார், இழுத்தார், அழுத்தினார். நான் தூணையே உற்றுப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை.

"ஏறுதா?" என்றார் மூச்சிரைக்க.

"இல்லீங்க" என்றார் பாய்.

"ஏறற மாதிரிதான் இருக்குது" என்றேன் நான். மனைவி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்.

மறுபடி அழுத்தினார். கைப்பிடி தரையோடு இருந்ததால் ஒவ்வொரு முறையும் இடுப்புவரை குனிந்து நிமிர வேண்டியிருந்தது. பம்ப்பை வைத்திருந்த இடம் காருக்கு நேர் முன்னால். முன்கண்ணாடி வழியாக மாமா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வைக்கு அங்கே பம்ப்பு தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வியர்த்து விறுவிறுத்த என் கணவர், அவரைப் பார்த்துக் குனிவதும் நிமிர்வதும் குனிவதும்தான் தெரிந்திருக்கும்.

என் பக்கத்தில் நின்ற அத்தைக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். தலையை உயர்த்தி, நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"ஏனுங்க, போதுமுங்களா? மாப்ளை இன்னும் எத்தனை கும்புடு போடோணும்?"

கணவர் அப்படியே குனிந்த நிலையில் நின்றுவிட்டார். கைப்பிடியை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் காது சிவந்துபோனது. மேலே கண்ணாடி இறங்கியது.

"போதுமுங்க மாப்ளை. போதும் போதும்" என்றார் மாமா. குரல் நெகிழ்ந்திருந்தது. "எதுக்குங்க இவ்வளவு? நான் என்ன பெருசா கோவிச்சுக்கிட்டேன்?"

"போதாதுங்க மாமா. கொக்கி இன்னும் விடலை" என்றார் கணவர் தரையைப் பார்த்தபடியே. மறுபடி அழுத்தத் தொடங்கினார். மாமாவுக்கு அந்தப் பதில் எப்படிக் கேட்டதோ தெரியாது. கண்ணாடிக்கு வெளியே கைநீட்டி, ஆசீர்வாதம் செய்வதுபோல உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் கார் ஏறியது. ஒரு விரற்கடை ஏறியிருந்தால் அதிகம். பாய் ஒரு தூணிலும் நான் ஒரு தூணிலும் நின்று கொக்கிக் கம்பியை இழுத்தோம். இரண்டு பக்கமும் 'டக்' என்று விட்டது. கணவர் லிஃப்ட்டின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். இறங்குவதற்கு யாருடைய பலமும் வேண்டியிருக்கவில்லை. மாமாவின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பியது. உஸ்ஸென்ற சத்தத்தோடு, ஏறும்போது இருந்த அதே நிமிர்ந்த கோலத்தில், மாமா பூமிக்கு வந்தார்.

சக்கரம் தரையைத் தொட்டது. எல்லோரும் காத்திருந்தோம். அவர் இறங்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் பம்ப்பருகே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையைத் தூக்க முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "வாங்க மாமா" என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு, "வாங்க" என்றார். பாதி மூச்சில் இன்னொரு "வாங்க" வந்தது. மூச்சு வாங்கியதையும் மாமாவை வாங்க என்றதையும் அவராலேயே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். நேரே அவரிடம் போய், தன் அங்கவஸ்திரத்தால் அவர் நெற்றியைத் துடைத்தார். அது வெள்ளை அங்கவஸ்திரம். அதன் பிறகு அது வெள்ளையாக இல்லை. அத்தைதான், "கெளம்பலாமுங்களா? பந்தி முடிஞ்சிரும்" என்றார்.

காங்கேயம் போய்ச் சேர்ந்தபோது குறித்த நேரம் தாண்டியிருந்தது. பெண் வீட்டார் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சாப்பாட்டுக்கு முன்னால் எப்படியும் இன்னொரு நல்ல நேரம் கிடைத்துவிடும். மாமா வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியைப் பாதி இறக்கி உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டார் ஓடிவந்து வேண்டிய அளவுக்கு வாங்க, வாங்க என்றார்கள். இறங்கினார். உப்புச்சர்க்கரை மாற்றினார்கள். தம்பி முகத்தில் அப்போதுதான் நிறம் வந்தது. அம்மா மாமாவைப் பார்த்ததும் கண் கலங்கினார். அதே மூச்சில் திட்டவும் செய்தார்.

பந்தியில் மாமா சம்பந்திகளுக்குக் கதை சொன்னார். அவர் கதையில் கரண்ட் போகவே இல்லை. "பிரேக்குல காத்து புகுந்துபோச்சுங்க. அதை எடுக்கறதுக்கு விவரமான ஆள் ஒருத்தர் மேல உக்காந்து மிதிக்கோணும். மத்தவங்களை நம்பி ஏத்த முடியுங்களா? நானே உக்காந்துட்டேன். மாப்ளை கீழ இருந்து சொல்லச் சொல்ல மிதிச்சேன். கையில தொழில் இருக்கற புள்ளைங்க அவரு. மரியாதை தெரிஞ்ச புள்ளை." அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவருக்குப் பாயசத் தம்ளரைத் தூக்க முடியவில்லை. நான் தம்ளரைப் பிடித்துக்கொண்டேன். புதுமாப்பிள்ளை என் தம்பியா இவரா என்று யாரோ கேலி பேசினார்கள்.

"நீங்க கும்பிட்டீங்கன்னே நெனச்சுட்டு இருக்காங்க. சொல்லிரட்டுமா?" என்று காதோரமாகக் கேட்டேன்.

"என்னன்னு சொல்லுவே? பம்ப்பு கீழ இருந்துச்சு. குனியாம எப்படி அடிக்கறது?" என்றார்.

சாயங்காலம் திரும்பினோம். மாமாவின் காரில் அம்மா ஏறிக்கொண்டார். அண்ணனும் தங்கையும் சண்டையைத் தொடர வேண்டியிருந்தது. அத்தை எங்கள் பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனார். கணவரின் கை இன்னும் சரியாகாததால் நான்தான் ஓட்டினேன். பல்லடம் ரோட்டில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மாமா எங்களுக்கு முன்னால் போனார். ரோட்டில் ஆடு மாடு எதுவும் இல்லாத இடத்திலெல்லாம் அவர் காரின் பின்விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது. பிரேக்கைச் சோதித்துக்கொண்டே போகிறார் போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நானும் மிதித்தேன். சூலூர் வருவதற்குள் என் கால் கடுத்தது.

"ரோடு காலியாத்தானுங்க இருக்குது. தாண்டிப் போயிரட்டுமா?" என்று கேட்டேன்.

கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். திறக்காமலே சொன்னார்: "பின்னாலயே போ. தாண்டிப் போனா அதுக்குச் சமாதானம் பண்ண ஒரு வருசம் ஆகும்."